முதல் மிதிப்பிலேயே நிற்க வேண்டும்

ஜேர்மனியின் நூர்புர்க்றிங் மோட்டார் பந்தயப் பாதை 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 20.8 கிலோமீற்றர் நீளமான அதன் வட வளையத்தில், குறித்த நாட்களில் எவரும் கட்டணம் செலுத்தித் தமது சொந்தக் காரை ஓட்டலாம். வேலைக்குச் சென்றுவரும் அதே கார் அங்கே பாய்கின்றது. இவ்விரு பயன்பாட்டுக்கும் எந்த பிறேக் பாட் பொருத்தமானது? இரண்டுக்கும் உகந்தது என்று கூறி விற்பவர்கள் உண்டு. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்பதே சரியான கேள்வி என்பது என் கருத்து.

பிறேக் என்பது வாகனத்தின் இயக்கச் சக்தியை வெப்பமாக மாற்றும் சாதனம். வேகம் இருமடங்கானால் அச்சக்தி நான்கு மடங்காகும். வீதியில் பிறேக் ஆறுவதற்கு அவகாசம் உண்டு. பந்தயப் பாதையில் அது கிடைப்பதில்லை. கடும் வெப்பத்தில் சாதாரண பாட்டின் பிணைப்புப் பிசின் சிதைந்து வாயு வெளியேறும். பிடிமானம் தளரும். மிதி கடினமாகவே இருக்கும், காரோ நிற்காது. கடுகண்ணாவை, றம்பொடை இறக்கங்களில் பிறேக்கை விடாது மிதிக்காமல் தாழ்ந்த கியரில் இறங்கும் எமது பழைய சாரதிகள் இந்தப் பௌதிகத்தை ஏட்டில் படித்தவர்களல்லர்.

அப்படியானால் பந்தய பாட்டையே நிரந்தரமாகப் பூட்டிவிடலாமே எனச் சிலர் வாதிடுவர். ஆபத்து இங்கேதான் இருக்கின்றது. அத்தகைய பாட்கள் சூடேறிய பின்னரே முழுமையாகப் பிடிப்பவை. குளிர்காலக் காலையொன்றில் பாடசாலைப் பிள்ளை திடீரென வீதியில் இறங்கினால், கார் முதல் மிதிப்பிலேயே நின்றாக வேண்டும். பந்தயப் பாதைக்குச் செல்பவர் ஆபத்தை அறிந்தே செல்கின்றார். அந்தப் பிள்ளை எந்தப் பந்தயத்துக்கும் சம்மதிக்கவில்லை.

சட்டமும் இதையே வலியுறுத்துகின்றது. ஐரோப்பாவில் வீதிக்கான மாற்று பாட்கள் ஐக்கிய நாடுகளின் 90ஆம் இலக்க ஒழுங்குவிதிக்கு அமைய வேண்டும். அவற்றின் திறன் மூல பாட்டின் திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகலாகாது. நூர்புர்க்றிங்கின் பொது நாட்களிலும் வீதிச் சட்டமே செல்லுபடியாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஆகவே, ஆண்டில் ஓரிரு தடவை செல்பவர்களுக்கு, அதிக வெப்பம் தாங்கும், வீதி அங்கீகாரம் பெற்ற பாட் போதுமானது. ஓரிரு சுற்றுக்குப் பின் பிறேக் ஆறும்வரை மெதுவாக ஓட்ட வேண்டும். மூடிய பந்தயப் பாதைகளுக்கு அடிக்கடி செல்பவர்கள் இரண்டு தொகுதிகளை வைத்திருந்து, அங்கே சென்று மாற்றுவதே நேர்மையான வழி.

பிறேக் எண்ணெயையும் மறத்தலாகாது. டொட் 4 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய நிலைக்கான வரையறை 155 பாகை மட்டுமே. எண்ணெய் கொதித்தால் மிதி அடிவரை இறங்கிவிடும். அப்போது எவ்வளவு விலையுயர்ந்த பாட்டும் உதவாது.

பந்தயப் பாதையில் இரண்டு விநாடிகளை இழப்பதால் எவரது வாழ்வும் குறைந்துவிடாது. வீதியில் இரண்டு மீற்றர் தாமதித்து நிற்பதைப்பற்றி அவ்வாறு கூற முடியுமா?