யூசுப் கானைத் தொலைத்த சித்திரக் கதை

கரியமாணிக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்து என் இளைய மகன் உரக்கப் படித்துக்கொண்டிருந்த சித்திரக் கதையை வாங்கிப் பார்த்தேன். நடிகர் திலீப்குமாரின் வரலாறாம்! நடிகனுக்கு வரலாறு எதற்கு என்று முகஞ்சுளிப்போருள் நான் ஒருவனல்லன். இமாம் இப்னு கல்லிகான் தமது 'வஃபயாத்துல் அஃயா'னில் காஜிகளோடு கவிஞர்களையும் பாடகர்களையும் சேர்த்தே எழுதினார். ஆயினும், இறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்தவர்களையே சேர்ப்பதென்று தமக்கொரு வரம்பும் கட்டிக்கொண்டார். என் வழக்கு அந்த வரம்பைப் பற்றியதே.

அந்நூலின் ஒரு கட்டத்தில், படக் கம்பெனி முதலாளி ஒருவர் விரலை நீட்டி, பெயரைத் துறந்தால்தான் வேலை என்று அதட்டுகிறார். வாலிபர் யூசுப் கான் தலைகுனிந்து கண்ணீர் வடிக்கிறார். "நம்ம பேருன்னா அவங்களுக்கு ஏன் அத்தா இவ்வளவு வெறுப்பு?" என்றான் மகன்.

இந்தக் கண்ணீருக்கு ஸனது எங்கே? 1942இல் பம்பாய் டாக்கீஸில் அவரை மாதம் 1,250 ரூபாய்க்கு அமர்த்தியவர் தேவிகா ராணி. திரைப்பெயர் வைத்துக்கொள்ளலாமென்ற யோசனையும் அவருடையதே என்பது 2014இல் வெளியான தன்வரலாற்றில் உள்ளது. நடிப்பை இழிதொழிலாகக் கருதிய தந்தையாரின் அடிக்கு அஞ்சியே பெயர் மாற்றியதாக ஒரு பேட்டியிலும் அவர் கூறியிருக்கிறார். ஒருவர் வாயிலிருந்தே இரண்டு அறிவிப்புகள்! இரண்டும் ஒருங்கே மெய்யாக இருக்கவும் கூடும். அதட்டல் மட்டும் இரண்டிலும் இல்லை. அதே கம்பெனியின் அசோக்குமாருக்கும் இயற்பெயர் குமுத்லால் கங்கூலிதானே?

பெயர் மாற்றத்தில் சமூக அச்சம் எதுவுமே கிடையாதென்று நான் வாதாட வரவில்லை. மஹ்ஜபீன் மீனாகுமாரி ஆனார். மும்தாஜ் ஜஹான் மதுபாலா ஆனார். ஆனால், நம் செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மான், 1956இல் வெளிவந்த 'சி.ஐ.டி.' படத்திற்காகப் பெயரை மாற்றச் சொன்னபோது மறுத்தார். சொந்தப் பெயரோடே புகழ் பெற்றார். இதையன்றோ குழந்தைகளுக்கு வரைந்து காட்டியிருக்க வேண்டும்!

இன்னொன்று. 1998இல் பாகிஸ்தான் அவருக்கு நிஷானே இம்தியாஸ் விருது அளித்தது. மறு ஆண்டு கார்கில் போரின்போது, அதைத் திருப்பிக் கொடுக்கும்படி அவரது தேசபக்தியையே சந்தேகித்து ஆர்ப்பரித்தார்கள். அவர் கொடுக்கவில்லை. நடவாத அவமானத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியவர்கள், நடந்த அவமானத்துக்கு ஒரு கட்டங்கூட ஒதுக்கவில்லை.

அடுத்த பதிப்பிலாவது அந்தக் கண்ணீர்க் கட்டத்தை நீக்கட்டும். அதுவரை அந்நூல் என் அலமாரியில், கற்பனைக் கதைகளின் வரிசையிலேயே இருக்கும். மகனுக்கும் அப்படியே சொல்லிவிட்டேன்.