பால்கனிக்கு ‘டஃபன்டு’ கண்ணாடி மட்டும் போதுமா?

சென்னை விமான நிலையத்தின் புதிய உள்நாட்டு முனையம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. பிறகு அங்கே கண்ணாடி உடைந்து விழுவது அடிக்கடி செய்தியானது. மீம்ஸ் போட்டுச் சிரிச்சுட்டு கடந்துட்டோம்.

இப்போ சென்னையோ களம்பூரோ, புது வீடுன்னா பால்கனிக்குக் கண்ணாடிதான். ‘டஃபன்டு போடுங்க சார், உடையாது’ என்பார்கள். பாதிதான் உண்மை. அது சாதாரண கண்ணாடியைவிட 4-5 மடங்கு வலுவானது. ஆனால், உள்ளே நிக்கல் சல்பைடு துகள் இருந்தால், யாரும் தொடாமலே ஒருநாள் நொறுங்கி மொத்தமாக உதிரலாம். அந்த நேரம் அதில் சாய்ந்து நிற்பவர் கதி?

லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் இருக்கும். உடைந்தாலும் சில்லுகள் அதிலேயே ஒட்டி நிற்கும். கார் முன்பக்கக் கண்ணாடி இப்படித்தான்.

விலை கூடத்தான். டைல்ஸில் மிச்சம் பிடிங்க. தலைக்கு மேலேயும் பால்கனி ஓரத்திலும் வேண்டாம். அங்கே இரண்டு டஃபன்டு கண்ணாடிகளை ஒட்டிய லேமினேட்டட் கேளுங்க. ஐஎஸ் 2553 தர எண் இருக்கான்னு பாருங்க. பில்லில் ‘லேமினேட்டட்’ என்று எழுதி வாங்குங்க. உடையாத கண்ணாடி கிடையாது; உடைந்தாலும் விழாத கண்ணாடி இருக்கு.