பிஸ்டலுக்குப் புது சைட் வாங்கப் போறீங்களா? முதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணுங்க!

2024 ஜூலை 28. பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச்சுற்று. மனு பாக்கர் 221.7 புள்ளிகளோடு வெண்கலத்தில் நின்றுவிட்டார். அந்த நொடியில் அவருக்கு ஒரு படி மேலே இருந்த தென் கொரியாவின் கிம் யெஜி எடுத்திருந்தது 221.8. வெறும் 0.1 வித்தியாசம்.

டார்கெட்டில் 0.1 புள்ளி என்பது 0.8 மில்லிமீட்டர். அதே 0.8 மி.மீ. பிஸ்டலின் சைட்டில் எவ்வளவு தெரியுமா? 0.03 மி.மீ.கூட இல்லை. தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது.

இந்தக் கணக்கைக் கேட்டதும் பெற்றோருக்கு வரும் முதல் சந்தேகம், ‘அப்போ நம்ம பிள்ளையோட பிஸ்டலுக்கு நல்ல சைட்டா வாங்கி மாட்டிடலாமா?’ என்பதுதான். ஆன்லைனில் தேடினால் சிவப்புப் புள்ளி, பச்சை ஃபைபர், லேசர் என்று வரிசைகட்டி வருகின்றன. அங்கேதான் பணம் வீணாகிறது.

பெசன்ட் நகரில் இருந்து எழும்பூர் வரை போய்ப் பழகும் ஒரு ப்ளஸ் ஒன் மாணவியை எடுத்துக்கொள்வோம். சென்னை ரைஃபிள் கிளப் இருப்பது எழும்பூர் பழைய கமிஷனர் ஆபீஸ் வளாகத்தில். (2021-ல் நடிகர் அஜித் அங்கே போகக் கால் டாக்ஸி பிடிக்க, வண்டி வேப்பேரி புது கமிஷனர் ஆபீஸுக்குப் போய் நின்று செய்தியானது நினைவிருக்கலாம். அதே ஆண்டு மாநிலப் போட்டியில் அவர் 6 பதக்கங்கள் வாங்கினார்.) அந்த மாணவி ஆசைப்பட்டு ஒரு ‘ரெட் டாட்’ சைட்டை மாட்டிக்கொண்டு மாநிலப் போட்டிக்குப் போனால் என்ன ஆகும்? சுடும் இடத்துக்கே போக முடியாது. உபகரணப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதி இதில் கறார். பிஸ்டலுக்குத் திறந்த சைட் மட்டும்தான். அதாவது முன்னால் ஒரு கட்டை, பின்னால் ஒரு பள்ளம், அவ்வளவே. லென்ஸ், டெலஸ்கோப், கண்ணாடி, லேசர், மின்புள்ளி எதற்கும் இடமில்லை. பளபளக்கும் ஃபைபர் சைட்டும், வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் வண்ணப்பூச்சும் கூடாது. இதுபோக, சைட்டோடு சேர்த்து மொத்தப் பிஸ்டலும் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. ரெட் டாட் சைட்டுகளுக்கென்றே தனிப் பிரிவு உள்ள போட்டிகள் வெளிநாடுகளில் உண்டு. ஆனால் அது வேறு விளையாட்டு.

சரி, விதிக்கு உட்பட்டு என்னதான் மாற்றலாம்? முன் சைட்டின் அகலத்தையும் பின் சைட்டின் பள்ளத்தையும் மாற்றலாம். விஷயமே இந்த இரண்டில்தான் இருக்கிறது.

கையை நீட்டிப் பிஸ்டலைப் பிடித்தால் முன் சைட் கண்ணிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளி இருக்கும். டார்கெட்டின் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. விட்டம். 10 மீட்டரில் இருக்கும் அந்த வட்டத்தின் அகலத்துக்கு முன் சைட்டும் தெரிய வேண்டுமென்றால், அது சுமார் 6 மி.மீ. இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வைத்துக்கொள்வது 4-லிருந்து 5 மி.மீ. வரை. சில மாடல்களில் முன் சைட்டைத் திருப்பினாலே அகலம் மாறிவிடும். சிலவற்றில் தனிக் கட்டைகளாக வாங்கி மாட்ட வேண்டும். பின் பள்ளத்தை ஸ்க்ரூ வைத்தே அகலமாக்கும் வசதி நல்ல பிஸ்டல்களில் முன்பே இருக்கிறது. லட்சத்தைத் தாண்டும் விலை கொடுத்து வாங்கிய பிஸ்டலில் அந்த ஸ்க்ரூவை ஒருமுறைகூடத் தொடாமல், புது சைட் தேடுவதில் அர்த்தமில்லை.

பள்ளத்துக்குள் கட்டை நிற்கும்போது இரண்டு பக்கமும் வெள்ளை வெளிச்சம் தெரியும். புதிதாகப் பழகுபவர்கள் அந்த இடைவெளி குறுகலாக இருந்தால் துல்லியம் கூடும் என நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். இடைவெளி ரொம்பக் குறுகினால் கண் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட முடியாமல் திணறும். மனசு ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று இழுக்கும், அதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அறையில் வெளிச்சம் குறைவென்றால் இடைவெளி இன்னும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும்.

கை நடுங்குவதைவிட சைட் கோணுவதுதான் ஆபத்து. இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 350 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பிஸ்டலும் கோணாமல் 1 மி.மீ. நகர்ந்தால் டார்கெட்டிலும் 1 மி.மீ.தான் நகரும். பத்துக்கான வட்டமே 11.5 மி.மீ. விட்டம் என்பதால் கவலையில்லை. ஆனால் பின் பள்ளத்துக்குள் முன் கட்டை மட்டும் 1 மி.மீ. விலகினால், 10 மீட்டரில் அது 28 மி.மீ. ஆகிவிடும். பத்து விழ வேண்டிய இடத்தில் ஏழு. ‘டார்கெட்டைப் பார்க்காதே, முன் சைட்டைப் பார்’ என்று கோச்சுகள் தொண்டை வற்றக் கத்துவது இதனால்தான். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் தப்பில்லை, கட்டையின் விளிம்பு கத்திபோலத் தெரிய வேண்டும். வட்டத்துக்கு அடியில் கொஞ்சம் வெள்ளை விட்டுக் குறிபார்ப்பதும் இதற்காகவே. கறுப்பின் மேல் கறுப்பு விழுந்தால் விளிம்பு காணாமல் போய்விடும்.

அந்த விளிம்பு மங்கலாகத் தெரிகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் சைட்டில் இல்லை, கண்ணில். 40 வயதைத் தாண்டிப் பழகத் தொடங்கும் அப்பாக்களுக்கு இது கட்டாயம் வரும். படிக்கும் கண்ணாடியும் உதவாது, தூரக் கண்ணாடியும் உதவாது. ஒரு மீட்டர் தூரத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். தூரப் பவரோடு 0.50 அல்லது 0.75 பிளஸ் சேர்த்துப் பார்ப்பது துப்பாக்கி சுடுபவர்களிடையே வழக்கம். கண் மருத்துவரிடம் ‘கை நீட்டும் தூரத்தில் இருக்கும் கட்டை தெளிவாகத் தெரிய வேண்டும்’ என்று விளக்கிச் சொன்னால் போதும். பிஸ்டலில் லென்ஸ் பொருத்தத்தான் தடை. முகத்தில் மாட்டிக்கொள்ளத் தடையில்லை.

பாரிஸில் உலகமே பார்த்த இரண்டு முகங்களை நினைத்துப் பாருங்கள். கிம் யெஜி ரோபோபோல ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார். துருக்கியின் யூசுஃப் டிகேச் 51 வயதில், வீட்டில் போடும் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கினார். ‘எந்த உபகரணமும் இல்லாமல் ஜெயித்தார்’ என்று மீம்கள் பறந்தன. அவர் கையில் இருந்தது முழுமையான போட்டிப் பிஸ்டல், அதில் இருந்தது அதே திறந்த சைட். கண்ணுக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கறுப்பு வட்டமே இல்லாத வெள்ளைத் தாளை டார்கெட்டாக மாட்டி, ரேஞ்சில் 10 ரவுண்டு சுடச் சொல்லுங்கள். வட்டம் இல்லாததால் கண் தானாக முன் சைட்டுக்கு வந்துவிடும். வழக்கத்தைவிடத் துளைகள் நெருக்கமாக விழுந்தால், சைட் சரி, பார்வைதான் டார்கெட்டுக்கு ஓடுகிறது. நெருக்கமாக விழுந்தும் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பின் சைட் ஸ்க்ரூவைத் திருப்பினால் சரியாகிவிடும். துளை எந்தப் பக்கம் நகர வேண்டுமோ, பின் சைட்டை அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். இரண்டும் இல்லாமல், சரியாகப் பிடித்தும் விளிம்பு தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் மட்டும் அகலத்தை மாற்றிப் பாருங்கள். அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான். போட்டிக்கு முந்தின வாரம் எதையும் தொடாதீர்கள்.

ஸ்க்ரூக்களைப் பற்றி இன்னொன்று. எலியட்ஸ் பீச் காற்றில் கேட், ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை, சைட்டின் குட்டி ஸ்க்ரூ மட்டும் தாங்குமா? பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட் போட்டு வையுங்கள், துடைத்துவிட்டு லேசாக எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் சைட்டின் முகத்தில் படக் கூடாது. பட்டால் பளபளக்கும், விளிம்பு கரைந்துவிடும்.

கட்டை தேய்ந்து மினுங்க ஆரம்பித்தாலும் புதுசு வாங்க வேண்டியதில்லை. அந்தக் கால ஆட்கள் செய்தது இதுதான்: சைட்டைத் தனியாகக் கழற்றி, இடுக்கியில் பிடித்து, கற்பூரப் புகையில் காட்டினார்கள். மையாகப் படியும் அந்தக் கறுப்பில் வெளிச்சம் துளியும் திரும்பாது. உலோகக் கட்டை என்றால் இன்றும் செய்யலாம். பிளாஸ்டிக் என்றால் உருகிவிடும், பளபளக்காத கறுப்பு மார்க்கரே போதும்.