புழுக்கத்தையும் எழுதி வையுங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் கோவில்பட்டியில் பேச்செல்லாம் டிகிரிதான். ‘நேத்து நூத்தி ரெண்டாம்ல’ என்று தொடங்கி ஐப்பசிவரைக்கும் ஓடும். மழை வந்தால் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்கவும் பழகிவிட்டோம். காற்றில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தண்ணீர்தான் நம் கோடையையும் மழையையும் ஒருசேர மாற்றிக்கொண்டிருக்கிறது.

வறண்ட காற்றை நாம் குறையாகவே பேசி வந்திருக்கிறோம். இந்த ஊருக்குச் சோறு போட்டதும் அதே காற்றுதான். இங்குள்ள தீப்பெட்டி ஆலைகளில் மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சி காய்வதற்கு ஈரமில்லாத காற்று வேண்டும். அடைமழைக் காலத்தில் குச்சி நமத்துப் போகும், வேலை நிற்கும், வாரக் கூலி குறையும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கடலை மிட்டாயும் அப்படித்தான். வெல்லப்பாகு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பதம் சற்றுத் தவறினாலும் மிட்டாய் பிசுபிசுத்துவிடும். காட்டில் மல்லியும் கொண்டைக்கடலையும் விதைத்தவர்களுக்கோ வேறு கணக்கு. மழை ஓய்ந்தபின் மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் மார்கழிப் பனியையும் நம்பி நிற்கிற பயிர்கள் அவை. ஆக, காற்றின் ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் இங்கே யாராவது ஒருவர் வீட்டு அடுப்பில் அது தெரியும்.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை வெப்பம்தான் முடிவு செய்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம். 40 டிகிரியில் 51 கிராம். சூடு ஒரு டிகிரி கூடினால் கொள்ளளவு ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது. 1951க்கும் 2015க்கும் இடையில் இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது. நமக்கு மழை மேகத்தை அனுப்புகிற கடல் அது. போதாததற்கு, வடக்கே கங்கைச் சமவெளியில் பாய்ச்சுகிற பாசன நீரும் பெருமளவில் ஆவியாகிக் காற்றில் சேர்கிறது. நீராவியே ஒரு பசுமைக்குடில் வாயு என்பதால், அது கூடக்கூட வெப்பமும் மேலும் ஏறும்.

அப்படியானால் மழை கூட வேண்டுமே என்று காட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. கொள்ளளவு பெருத்த காற்று நிறைவதற்கு நாளாகும். அதுவரை மண்ணிலிருந்தும் கண்மாயிலிருந்தும் இலையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நிறைந்து கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 15 செ.மீ.க்கு மேல் மழை கொட்டும் நிகழ்வுகள் 1950 முதல் 2015 வரையிலான காலத்தில் சுமார் 75 சதவீதம் கூடியிருப்பதாக அதே மதிப்பீடு சொல்கிறது. மொத்தப் பருவமழையோ அங்கே கூடவில்லை.

அப்படி மொத்தமாகக் கொட்டும் மழை நமக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. வருஷம் முழுக்கப் பெய்தாலே 70 செ.மீ. அளவில் நிற்கிற கோவில்பட்டியிலும் அரை மீட்டர் அளவுக்குப் பெய்தது. கரிசல் மண் வெடித்துக் கிடக்கும்போது முதல் மழையை அந்த வெடிப்பு வழியாக மடமடவென்று குடிக்கும். நனைந்ததும் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்கு மேல் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. பயறும் உளுந்தும் தண்ணீரில் நின்று அழுகியதைப் பார்த்த யாரும் அதை நல்ல மழை என்று சொல்ல மாட்டார்கள். நமக்கு வேண்டியது பருவத்தில் நின்று நிதானமாகப் பெய்கிற உழவு மழை.

வெயிலுக்கு வருவோம். 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம். இன்னொரு நாள் 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். முதல் நாள்தான் செய்தியாகும். ஆனால் உடம்பை அதிகம் வாட்டுவது இரண்டாவது நாள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே ஒழிய ஆறாது. வியர்வை ஆறினால்தான் உடம்பின் சூடு இறங்கும். தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை என்ற அளவுகோல், தகரக் கூரைக்குக் கீழே குச்சி அடுக்குகிற பெண்ணின் புழுக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீர்க் குப்பிக்குள் விட்டிருப்பார்கள். இரண்டும் காட்டும் அளவுகளுக்கு நடுவே இடைவெளி குறையக் குறையப் புழுக்கம் கூடுகிறது என்று பொருள். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கிற முறையைச் செம்மைப்படுத்தித் தந்த இடம் அது. அங்கே பதிவாகியிருக்கிற ஈரப்பதக் கணக்கைப் பத்தாண்டு வாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும். நாளிதழ்கள் டிகிரிக்குப் பக்கத்தில் ஈரப்பதத்தையும் தினமும் அச்சிட வேண்டும். தீப்பெட்டி ஆலையிலும் அரசின் ஊரக வேலைத் திட்டத்திலும் மதிய ஓய்வு நேரத்தை அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்து மாவட்ட நிர்வாகம் தீர்மானிக்க வேண்டும். வரும் சித்திரைக்குள் இதைச் செய்துவிட முடியும்.