சுங்கம் இல்லாத பாலமும் லண்டன் மணியும்

2021 ஜனவரி 5 இரவு, கொச்சி வைட்டிலா மேம்பாலத்தின் தடுப்புகளை யாரோ நகர்த்திவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ஏறிய வண்டிகள், மறுமுனை மூடியிருந்ததால், பாலத்தின் மேலேயே மாட்டிக்கொண்டன. 'வி ஃபோர் கொச்சி' அமைப்பினர் சிலர் கைதானார்கள். மக்கள் பணத்தில் கட்டி முடித்த பாலம் எதற்காக முதல்வருக்குக் காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

அந்தக் கூத்தைவிடப் பாலத்தின் கணக்குதான் சுவையானது. அது நிற்பது தேசிய நெடுஞ்சாலையில். தெற்கே கொஞ்ச தூரம் போனால் கும்பளத்தில் சுங்கச்சாவடி. வைட்டிலாவில் மட்டும் கட்டணம் கிடையாது. 'கிஃப்பி' எனப்படும் மாநில உள்கட்டமைப்பு நிதியிலிருந்து சுமார் 85 கோடி ரூபாயில் மாநிலப் பொதுப்பணித் துறையே கட்டியது.

சுங்கம் வாங்கக் கூடாது என்ற, ஆட்சியிலிருந்த இடதுசாரிகளின் பிடிவாதத்துக்கு வேர் தேடினால் காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரிக்குப் போகவேண்டும். ஒரு காலத்தில் துறைமுகக் கங்காணிகள் 'சாப்பா' என்ற உலோக வில்லைகளைக் கூலிக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவர் வீட்டில் பட்டினி. அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. மூவர் உயிர் போனது. வாசலில் நின்று யார் உள்ளே, யார் வெளியே என்று ஒருவன் தீர்மானிப்பதன் மீதான வெறுப்பு அங்கிருந்து வருகிறது.

சுங்கம் வேண்டும் என்பவர்களும் ஈரமற்றவர்கள் அல்லர். சாலையில் ஓடுகிறவன் கட்டட்டும், ஓடாதவன் தலையில் ஏன் ஏற்றவேண்டும் என்கிறார்கள். இதுவும் நியாயம் பற்றிய கவலையே. கொடியின் நிறத்தைவிட, சுமையை யார் தலையில் வைக்கிறார்கள் என்று பார்த்தால் கட்சிகளின் மனசு சீக்கிரம் புரியும்.

சுமையை இறக்கிவைக்கும் வழியில்தான் வேடிக்கை. 2019 மே மாதம் மார்க்சிஸ்ட் முதல்வர் பினராயி விஜயன் லண்டன் பங்குச்சந்தையில் மணியடித்தார். வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கில் விற்ற கிஃப்பியின் 'மசாலா பத்திரம்' திரட்டியது 2,150 கோடி ரூபாய், வட்டி 9.723 சதவீதம். காங்கிரஸ் அணி இந்த வட்டியைப் பிடித்து உலுக்கியது. கிஃப்பி கடனை அடைப்பது மோட்டார் வாகன வரியின் பங்கும் பெட்ரோல் மீதான செஸ்ஸும். வைட்டிலாவைக் கண்ணால் பார்க்காத வயநாட்டு பைக்காரரும் இந்தப் பாலத்துக்குப் பணம் கட்டுகிறார். கட்டணமில்லாப் பாலம் என்று மேடையில் சொன்ன அரசு, இதையும் அதே மேடையில் சொல்லியிருக்கலாம்.