ஒரு நாள் சந்தை... ஒரு வருஷ வயித்துப்பாடு! பெங்களூர் ரோட்டை நம்பி ஓடும் ஓவியர்கள்

ஓசூர்:

கடைக்கு போர்டு எழுதியவர்கள், சினிமா பேனர் வரைந்தவர்கள், தஞ்சாவூர் படம் செய்பவர்கள்... தூரிகையை நம்பிப் பிழைக்கும் நம்ம ஆட்கள் பலருக்கு, வருஷம் பிறந்தால் ஜனவரியில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்தான் கண். அன்றைக்குத்தான் பெங்களூர் குமாரகிருபா ரோட்டில் 'சித்ர சந்தை' கூடுகிறது.

ஓசூரில் இருந்து 40 கிலோமீட்டர்தான். முதல் பஸ் பிடித்தால் விடியும்போது போய்ச் சேரலாம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ஆட்கள் முதல் நாள் ராத்திரியே ரயில் ஏறி விடுகிறார்கள். பழைய போர்வையில் சுற்றிய படங்கள், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கட்டுச்சோறு. இதுதான் இவர்கள் லக்கேஜ்.

கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003ல் ஆரம்பித்த சந்தை இது. வீட்டுக்கு ஒரு ஓவியம் என்பதுதான் கோஷம். அன்று அந்த ரோட்டில் வண்டிக்கு அனுமதி கிடையாது. நாடு முழுக்க இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் இரண்டு பக்கமும் கடை விரிப்பார்கள். 100 ரூபாய் படமும் இருக்கும், லட்ச ரூபாய் படமும் இருக்கும். தேர்த் திருவிழா மாதிரி கூட்டம் அலைமோதும்.

கஷ்டகாலம் வந்தால் ஜனங்கள் முதலில் நிறுத்துவது எதை? அரிசியை நிறுத்த முடியாது. பால், பள்ளிக்கூட ஃபீஸ், கேஸ் சிலிண்டர் எதையும் நிறுத்த முடியாது. சுவரில் மாட்டும் படத்தைத்தான் நிறுத்துவார்கள். அதனால் எந்தத் தொழிலுக்கு அடி விழுந்தாலும் ஓவியருக்கு அடி முதலில் விழுகிறது. திரும்பி எழுவதும் கடைசியில்தான்.

ஏன் ரோட்டுக்கு வருகிறார்கள்?

ஏ.சி. போட்ட கேலரிக்குள் நம்மைப் போன்றவர்கள் நுழைவோமா? கண்ணாடிக் கதவைப் பார்த்தாலே கால் பின்னால் போகும். வாங்காமல் வெளியே வந்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. விற்ற காசில் கேலரிக்காரருக்கு ஒரு பெரிய பங்கும் போய்விடும்.

ரோட்டில் அந்தக் கூச்சம் இல்லை. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவர், "என்ன விலைங்க?" என்று சும்மா கேட்பார். "கொஞ்சம் குறைச்சுக்குங்கண்ணே" என்பார். 800 ரூபாய் படம் 500க்குப் போகும். ஆனால் அந்த 500ம் நேராக வரைந்தவர் கைக்கு வருகிறது.

இங்கே கல்லா கட்டுவது பெரிய கேன்வாஸ்காரர்கள்தான் என்று நினைத்தால் தப்பு. எதிரில் உட்கார வைத்து பென்சிலால் முகம் வரைகிறவர்களைப் பாருங்கள். ஒரு கணக்குக்கு, முகத்துக்கு 200 ரூபாய், 20 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் நிமிராமல் வரைந்தால் 24 முகம், 4,800 ரூபாய். பக்கத்துக் கடையில் 12 ஆயிரம் விலை சொல்லி மாட்டிய படம் சாயங்காலம் வரை போணியே ஆகாமல் நிற்கலாம். அதனால்தான் புத்திசாலிகள் பெரிய படத்தை கூட்டம் இழுக்க மாட்டிவிட்டு, கையகலப் படங்களையும் வாழ்த்து அட்டைகளையும் அடுக்கி வைத்து வாடகை பாக்கியை அடைக்கிறார்கள்.

இப்படி அட்டை விற்பது கலைக்கு அவமானம் என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்தை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். 1966ல் கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய கிராமம் அது. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. அமெரிக்காவில் 1930களில் பெரும் பொருளாதார மந்தம் வந்தபோதும் இதே கதைதான். 1931ல் நியூயார்க் வாஷிங்டன் சதுக்கத்துப் பக்கம் பிளாட்பாரத்தில் படம் விற்ற ஜாக்சன் போலக், வீட்டு வாடகைக்காகத்தான் அப்படி உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். அவர் படங்கள் இன்று கோடிக்கணக்கில் போகிறது. அங்கே தெருவோர ஓவியக் கண்காட்சி பிறந்ததும் அந்த வருஷம்தான்.

கொரோனா போட்ட பூட்டு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கோவில் திருவிழா இல்லை, கண்காட்சி இல்லை, கல்யாணப் பரிசுக்கு படம் வாங்க ஆளும் இல்லை. 2021 ஜனவரியில் சித்ர சந்தை ரோட்டில் கூடவில்லை, இன்டர்நெட்டில் நடந்தது. பெயர் எடுத்தவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். முகம் வரைகிறவர் என்ன செய்வார்? எதிரில் முகம் வேண்டாமா? 2022லும் ஜனவரி தள்ளிப்போய் மார்ச்சில்தான் ரோட்டுக்கு வந்தது. ஒரு நாள் வியாபாரத்தை நம்பியவருக்கு அந்த ஒரு நாளும் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

கொரோனா போய், இப்போது தங்கம் கழுத்தை நெரிக்கிறது. 2007ல் தொடங்கிய நிதியாண்டில் புவிசார் குறியீடு வாங்கிய தஞ்சாவூர் ஓவியத்துக்கு தங்க ரேக்குதான் உயிர். 2020ல் சவரன் 40 ஆயிரத்தைத் தாண்டியபோதே கைவினைஞர்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டியது. படம் வாங்க வருபவரோ பழைய விலையைத்தான் மனசில் வைத்துக்கொண்டு வருகிறார். ரேக்கை மாற்றி போலி ரேக்கு ஒட்டினால் விலை குறையும், ஆனால் போகப் போக கறுத்துப்போய் பெயர் கெடும். உண்மையான ரேக்கு ஒட்டினால் போட்ட முதல் எடுப்பதே பாடு.

2025 செப்டம்பர் 22 முதல் கையால் வரைந்த ஓவியத்துக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பில் போட்டு விற்கும் ஷோரூமுக்கு உதவும் அளவுக்கு, பில்லே இல்லாமல் தரையில் பரப்பி விற்பவருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் இல்லை.

செல்போனில் பிடித்துக்கொண்டு...

மழை, வெயிலைவிட பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. படத்தை வாங்காமல் செல்போனில் போட்டோ பிடித்துக்கொண்டு போவது. அதை பிரிண்டிங் கடையில் கொடுத்தால் கேன்வாஸ் துணியிலேயே அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வரைந்தவருக்கு பத்து பைசா கிடையாது. இப்போது கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருகிற காலம் வேறு. போர்டு எழுதியவர்கள் பிழைப்பில் ஃபிளக்ஸ் மண் அள்ளிப்போட்ட கதை நமக்குத் தெரியும். 2019ல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து இளம்பெண் பலியானபோது, இனி பிரஷ்ஷுக்கு மவுசு வரும் என்று கொஞ்ச நாள் பேசினார்கள். பேச்சோடு சரி.

வாங்குபவர்கள் ஒன்று செய்யலாம். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கையால் வரைந்ததில் பெயின்ட் மேடு பள்ளம் தெரியும், தூரிகை இழுத்த கோடு தெரியும். பிரிண்ட் என்றால் வழவழ என்று ஒரே மட்டமாக இருக்கும். சிலர் பிரிண்ட் மேலேயே நாலு இழுப்பு இழுத்து விற்கிறார்கள். அதனால் வரைந்தவரையே கேளுங்கள், அவர் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறார்.

இதில் நம்ம மாநிலத்து நிலவரம்தான் வருத்தம். கோவை விழாவில் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு தெருவை ஓவியர்களுக்கு விடுகிறார்கள். பாராட்ட வேண்டும். மற்ற ஊர்களில்? ஓவியர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தால், "எழுந்திரு, கிளம்பு" என்ற குரல்தான் முதலில் கேட்கிறது. கட்சிக் கூட்டத்துக்கு நாள் முழுக்க ரோட்டை மறிக்க முடிகிறது. வருஷத்தில் ஒரு ஞாயிறு ஓவியருக்கு ஒரு தெருவைக் கொடுக்க முடியாதா?

செலவு என்று பார்த்தால் மாநகராட்சிக்கு குடிதண்ணீர் தொட்டி, நடமாடும் கழிப்பறை, குப்பை அள்ள நாலு பேர், போலீஸ் பந்தோபஸ்து. இவ்வளவுதான். ஓசூரில் ராமநாயக்கன் ஏரிக்கரை இருக்கிறது. பொங்கல் போனஸ் கைக்கு வரும் வாரத்தில் ஒரு ஞாயிறு அங்கே கடை போட விட்டால், போர்வையில் சுற்றிய படத்தோடு விடியற்காலை பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பாதிப் பேர் அன்று உள்ளூரிலேயே போணி பார்த்துவிடுவார்கள்.