பதினாறு ரூபாய்ச் சோம்பேறிகள்

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாயைச் சும்மா கொடுத்து விவசாயியைச் சோம்பேறியாக்கிவிட்டார்களாம். சங்கரன்கோவில் பக்கம் கரிசல் காடு தரிசாகக் கிடப்பதற்கும் களையெடுக்க ஆள் கிடைக்காததற்கும் இந்தக் கிசான் பணம்தான் காரணமாம். இப்படி வாதிடுகிறார் ஒரு நண்பர்.

ஆறாயிரத்தை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 16 ரூபாய் சொச்சம். இந்தக் காசில் சோம்பேறியாக முடியுமென்றால் அந்த வித்தையை அவரே ஒரு மாதம் செய்து காட்டட்டும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் வருகிறது. 1,350 ரூபாய்க்கு ஒரு மூட்டை டிஏபி உரம் எடுத்தால் மிச்சம் 650. விதை, உழவு, மருந்து, கூலி எல்லாம் அந்த 650-க்குள் அடங்க வேண்டும்.

காடு தரிசாவது இந்தப் பணத்துக்கு மூத்த கதை. இது மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஏய்த்தால் உளுந்தும் இல்லை, பருத்தியும் இல்லை. மக்காச்சோளம் கைகொடுக்கும் என்று நம்பினால், 2018-ல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றது. புழு விட்டதைக் காட்டுப்பன்றி உழப்புகிறது. பிள்ளைகள் திருப்பூருக்குப் பஸ் ஏறியது ரெண்டாயிரம் ரூபாய் கிடைத்த தெம்பிலா?

களையெடுக்க ஆள் வராத கதைக்கு வருவோம். திட்டத்தின் விதியை ஒருமுறை புரட்டியிருந்தாலே நண்பர் இதை எழுதியிருக்க மாட்டார். பணம் நிலம் பெயரில் உள்ளவருக்கு மட்டும்தான். களைக்கொத்தோடு வரப்பில் நிற்கும் நிலமில்லாத பெண்ணுக்கு இதில் ஒரு பைசா கிடையாது. வாங்காத பணம் அவளை எப்படிச் சோம்பேறியாக்கியது? வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிர் வைப்பவருக்கும் இதே கதிதான். அவர் விதைக்கிறார், கடன் வாங்குகிறார், நட்டப்படுகிறார். டவுனில் கடை வைத்திருக்கும் பட்டாதாரரின் செல்போனில் தவணை வந்து விழுகிறது. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை என்றிருந்த உச்சவரம்பையும் 2019-லேயே எடுத்துவிட்டார்கள். உழைக்காமல் வாங்குபவரைத்தான் தேடுகிறார் என்றால், நண்பர் வயலுக்கு வந்திருக்கவே வேண்டாம்.

இதே திட்டத்தில் 2020-ல் நடந்த மோசடியையும் இழுக்கிறார். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள், 110 கோடி ரூபாய் அளவுக்குப் பணம். உண்மைதான். ஆனால் அதிகாரிகளின் கடவுச்சொல்லை வெளியாருக்குக் கசியவிட்டது எந்தச் சம்சாரி? ஒப்பந்த ஊழியர்களும் தரகர்களும் கணினி முன் உட்கார்ந்து செய்த வேலை அது. சிபிசிஐடி விசாரணையில் கைதானவர்கள் யாரென்று பார்த்துவிட்டு ‘விவசாயிகளே திருடர்கள்’ என்று எழுதியிருக்கலாம்.

கஜானா காலியாகிறது என்ற கவலை வேறு. 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். கிசான் திட்டத்துக்கு ஆண்டு ஒதுக்கீடு சுமார் 60,000 கோடி. முதலாளிகள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று அன்று யாரும் பதறவில்லை. அவர்களுக்குக் கொடுத்தால் ஊக்கம் போலும்.

குறை சொல்ல விஷயமா இல்லை? ஒடிசாவின் காலியா திட்டம் 2018 கடைசியிலேயே குத்தகைக்காரரையும் நிலமற்ற கூலியையும் கணக்கில் சேர்த்தது. இங்கே ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டிருந்தால், நண்பருக்கு நான் மறுப்பு எழுதியிருக்க மாட்டேன். அவரோடு சேர்ந்து மனு எழுதியிருப்பேன்.